அவரைப் பந்தலும் பின்கதவும்

என் சின்னக்குட்டிக்கு அம்மா ஆசையோட எழுதுறது. இங்க நான், உன் அண்ணன், அண்ணி மூணு பேரும் உடம்புக்குக் குறைவில்லாம இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு ஒழுங்கா போத்திக்கிட்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு தினமும் நினைச்சுக்குறேன். என்னடா இது, தினம் போன்ல பேசுற அம்மா திடீர்னு பேனாவைத் தூக்கிட்டாளேன்னு பதறாத, ஒண்ணும் ஆகல. முப்பது வருஷத்துக்கு மேல ஊரார் கடுதாசியை எல்லாம் தோள்ல மாட்டிக்கிட்டு வீடு வீடா நடந்து கொடுத்தவ நான், எனக்குன்னு ஒரு கடுதாசி எழுதக் கூடாதா. கார்டுல எழுதுறவங்க விஷயம் வேண்டாம்னாலும் கண்ணுல பட்டுடும், நலம் நலமறிய ஆவல்னு முதல் வரி இருக்கும், அடுத்த வரியிலேயே அழுகை இருக்கும். அதான் நான் அந்த வரியை விட்டுட்டு உடம்புக்குக் குறைவில்லன்னு மட்டும் எழுதியிருக்கேன், அது நிஜம். உடைஞ்ச மணிக்கட்டு நல்லா சேர்ந்துடுச்சு, இது அந்தக் கையால எழுதுறதுதான், எழுத்து கோணலா இருந்தா அது பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்த கோணல், விழுந்ததால வந்தது இல்ல. அண்ணனுக்கு வேலை ஜாஸ்தி, வீட்டுக்கு வந்தும் லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு சாப்பிடுறான், எதைச் சாப்பிட்டோம்னு கேட்டா முழிக்கிறான். அண்ணிக்கு இன்னும் வீட்டுலேர்ந்துதான் வேலை, காலையில தலையில அந்த ஹெட்போனை மாட்டினா சாயந்திரம்தான் கழட்டுறா, யார் வீட்டு வாஷிங் மெஷின் ஓடலைன்னாலும் இவதான் திட்டு வாங்கணும்.

நீ வரைஞ்சு அனுப்புன தோட்டப் படத்தை அண்ணி பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கா, தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் பாக்குறேன். திங்குற செடிக்கெல்லாம் பச்சைக் கலர், பாத்து ரசிக்குறதுக்கெல்லாம் ரோஸ் கலர், நடுவுல நடக்க ஒரு சாம்பல் கோடு, ரொம்ப அழகா இருக்குடி, பெத்தவ பெருமைக்குச் சொல்லல. ஆனா படத்துல பாத்தா ஏதோ பூங்கா மாதிரி இருக்கு, நம்ம வீட்டுப் பின்பக்கம் உனக்கு மறந்தே போச்சா, நாலு பேர் நின்னா அஞ்சாவது ஆள் ஒரு காலை மடக்கிக்கணும். அந்தச் சாம்பல் கோட்டுல நடக்கணும்னா நான் பக்கவாட்டுல நண்டு மாதிரிதான் போகணும். அப்புறம் மாடி வீட்டுக்காரங்க பால்கனியை இழுத்துக் கட்டிட்டாங்க, அது உனக்குத் தெரியாது, அதனால வெயில் இப்போ துணி துவைக்குற கல் பக்கத்துச் சுவர்லதான் காலையிலேர்ந்து உச்சி வரைக்கும் நிக்குது, பின்சுவர்ல எட்டிப் பாத்துட்டு ஓடிடுது. தக்காளியையும் மிளகாயையும் அதனால கல் பக்கம் மாத்திட்டேன். நீ கத்தரியையும் சாமந்தியையும் கலந்து வைன்னு சொன்னியே, அது நல்ல யோசனை, கத்தரிப் பூவும் சாமந்தியும் சேர்ந்து நிக்கும்போது எது சமையலுக்கு எது பார்வைக்குன்னு தெரியல. செம்பருத்தியைத் தொட்டியில வச்சிருக்கேன், தரையில வச்சா சாக்கடை மூடியைத் தூக்க முடியாது, என்னைக்காவது அடைச்சுக்கிட்டா தோட்டம் பார்க்க வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு ஓட வேண்டியதுதான். வாஷிங் மெஷின் தண்ணியை முதல்ல கீரைக்கு விட்டேன், ரெண்டே நாள்ல சுருண்டு போச்சு, சோப்புத் தண்ணி அதுக்குப் பிடிக்கலை போல, அப்புறம் பாத்திரம் அலசுற தண்ணியை வாளியில பிடிச்சு ஊத்துறேன். பக்கத்து வீட்டுப் பூனை வேற புதுசா கிளறின மண்ணைப் பாத்தா கக்கூஸ் கட்டிக் கொடுத்தாங்கன்னு நினைச்சுக்குது, அதுக்கு முள்ளுக் குச்சி நட்டு வச்சிருக்கேன்.

இப்போ பந்தல் விஷயத்துக்கு வர்றேன். நீ பின்சுவர் முழுக்க இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் அவரைக் கொடி போட்டிருக்க, கீழ சிமெண்டுத் தொட்டி, மேல இரும்புச் சட்டம். அண்ணன் வெல்டரைக் கூட்டிட்டு வந்து அளவு எடுத்து சட்டமும் அடிச்சு வாங்கிட்டான், துரு பிடிக்காம இருக்க சிவப்பு பெயிண்ட் அடிச்சு மாடிப்படிக்கு அடியில சாய்ச்சு வச்சிருக்கு, கீழ தொட்டி கட்டுறதும் சட்டத்தை மாட்டுறதும்தான் பாக்கி. வெல்டர் நாளைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு சொல்லிக்கிட்டிருக்கான், அவன் சொல்லுற நாளை என்னைக்குன்னு யாருக்குத் தெரியும். நான் அண்ணன்கிட்ட, பின்சுவர்ல வெயில் இல்லைடா, அவரை வேர் பிடிக்காது, பிடிச்சாலும் இலையா தழைக்குமே ஒழிய காய் வைக்காதுன்னு சொன்னேன். அப்புறம் கொடி அடர்ந்தா பூச்சி அடையும்னு சொன்னேன், எலி வரும்னு சொன்னேன், இரும்பு சூட்டுல தளிர் பொசுங்கிடும்னு கூடச் சொன்னேன். வெயிலே இல்லாத சுவர்ல இரும்பு எப்படிம்மா சூடாகும்னு கேட்டான், படிச்ச பிள்ளை இல்லையா. உன்கிட்டயும் இதையேதான் போன்ல பாதி சொன்னேன், நீயும் அப்படின்னா நிழல்ல வளர்ற வேற கொடி பாக்கலாம்மான்னு சொல்லிட்ட. வெயில் விஷயம் உண்மைதான், ஆனா என் விஷயம் அது இல்ல. அந்தச் சுவர்ல ஒரு கதவு இருக்கு குட்டி. சந்துக்குப் போற இரும்புக் கதவு, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிட்டு ஓடுவியே, அந்தக் கதவு. நீ படத்துல சாக்கடை மூடியைக் கூட வட்டமா வரைஞ்சிருக்க, துணிக்கல்லை வரைஞ்சிருக்க, கதவை வரையல. அந்த இடத்துல அவரை இலையா இருக்கு.

எனக்கு இங்க என்ன குறைன்னு நீ கேக்கலாம், யார் கேட்டாலும் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் பெரிய கஷ்டம். நான் அந்தச் சந்துல விழுந்ததுலேர்ந்து பின்கதவுக்குப் பூட்டு போட்டாச்சு, கொஞ்ச நாளைக்குத்தான்னு அண்ணன் சொன்னான். கட்டுப் பிரிச்சாச்சு, கை சேர்ந்தாச்சு, அந்தக் கொஞ்ச நாள் மட்டும் இன்னும் முடியல. வாசக் கதவை யாரும் பூட்டல, ஆனா அங்க பெல்லுக்கு மேல ஒரு கேமராக் கண்ணு, நான் நிலைப்படியில கால் வச்சா ஆபீஸ்ல இருக்குற அண்ணன் போன்ல மணி அடிக்குது, உடனே என் போன் அடிக்குது, எங்கம்மா கிளம்பிட்டீங்க. சும்மா வாசல்ல நிக்கலாம்னு வந்தேன்னு சொன்னா, சரி நில்லுங்க ஆனா ரோட்டுப் பக்கம் போகாதீங்க, வண்டி கண்ணு மண்ணு தெரியாம வருதுங்கறான். இந்தப் பேச்சு கேட்டதும் அண்ணி ஹெட்போனை ஒரு காதுலேர்ந்து தள்ளிட்டு நான் வேணா கூட வரட்டுமா அத்தைன்னு எந்திரிக்குறா, அவ வேலையைக் கெடுக்குறதுக்குப் பதிலா நான் உள்ளேயே இருந்துடலாம். எதிர்த்த பேங்க் வாட்ச்மேன்கிட்டயும், மூலையில இஸ்திரி போடுறவர்கிட்டயும் அண்ணன் சொல்லி வச்சிருக்கான், அவங்களும் என்னம்மா எங்கம்மான்னு ஆசையாத்தான் விசாரிக்குறாங்க. உள்ள வந்தா ஹால்ல அண்ணி பேசிக்கிட்டிருப்பா, செருப்பைக் கழட்டிட்டு நுனிக்கால்ல நடக்கணும், மிக்ஸி போடக் கூடாது, இருமல் வந்தா பாத்ரூமுக்குப் போய் இருமணும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதுன்னு சொல்லுவாங்க, நடந்தே சோறு தின்ன காலுடி இது, தெருத்தெருவா எந்த வீட்டு நாய் கடிக்கும் எந்த வீட்டு நாய் வாலை ஆட்டும்னு தெரிஞ்ச கால், இப்போ கட்டில்லேர்ந்து ஜன்னல், ஜன்னல்லேர்ந்து துணிக்கல், துணிக்கல்லேர்ந்து கட்டில். ஆனைக்கும் அடி சறுக்கும்னு உலகமே ஒத்துக்குது, சறுக்கின ஆனையைக் கட்டிப் போடுன்னு எந்தப் பழமொழியும் சொல்லல. சில நாள் காலையில கண் முழிச்சதும் நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்குற மாதிரி இருக்கு, வியாதி இல்ல, பயப்படாத, இன்னைக்கும் நேத்தைக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கப் போறதில்லன்னு தெரிஞ்சு முழிக்கிறதால வர்றது.

சந்துல நான் யார் வீட்டுக்குப் போவேன்னு உனக்குத் தெரியும், ஸ்டாம்பு அக்கா வீட்டுக்குத்தான். நான் பையைத் தூக்கிக்கிட்டு வெயில்ல அலைஞ்சப்போ ஃபேன் காத்துல உக்காந்து ஸ்டாம்பு வித்தவங்க, ரிட்டையர் ஆனதுக்கப்புறமும் தினம் காலையில ஒரு டீ, பேப்பரைக் கிழிச்சு ஆளுக்குப் பாதி, யார் பாதி நல்ல பாதின்னு ஒரு சண்டை. இப்போ அவங்களுக்கு முட்டியும் போச்சு காதும் போச்சு, போன்ல பேசினா ரெண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தணும், அண்ணி பக்கத்துல உக்காந்து யார்கிட்டயோ மன்னிச்சுக்கோங்க சார்னு சொல்லிக்கிட்டிருக்கும்போது நான் எப்படிக் கத்துறது. மெயின் ரோட்டைச் சுத்தி வாசல் பக்கமா வர அவங்களாலயும் முடியாது. போன வாரம் ஒரு நாள் நான் துணிக்கல்லுல உக்காந்திருக்கேன், பின்கதவுல தட்டுற சத்தம், கைத்தடியால தட்டுறாங்க, ஆள் யாருன்னு தட்டுற விதத்துலேயே தெரிஞ்சுடுச்சு. அக்கா அக்கான்னு கூப்புட்டேன், கேக்கல. நானும் உள்ளேர்ந்து கையால கதவைத் தட்டினேன், காதுல விழல. கத்தினேன், நான் கத்தினது அண்ணி போன்ல பேசிக்கிட்டிருந்த ஆளுக்குக் கேட்டிருக்கு, ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம் நிக்குற அக்காவுக்குக் கேக்கல. கொஞ்ச நேரம் நின்னாங்க, வீட்டுல யாரும் இல்லபோலன்னு அவங்களே அவங்களுக்குச் சொல்லிக்கிட்டாங்க, ஒரு புதினாக் கட்டைச் சுவருக்கு மேல தூக்கிப் போட்டாங்க, அது வந்து செம்பருத்தித் தொட்டியில விழுந்துச்சு, தடி சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு போச்சு. நான் இங்கதான்க்கா இருக்கேன்னு அந்தத் தகரத்தைப் பாத்துச் சொல்லிக்கிட்டே இருந்தேன். உங்க அப்பா போன அன்னைக்குக் கூட நான் அவ்வளவு அழுததில்ல, அன்னைக்கு அழ நேரம் இல்ல, வீடு நிறைய ஆளுங்க.

அழுதுட்டு சும்மா உக்கார முடியுமா, எதையாவது செய்யணுமேன்னு கீரைப் பாத்தியில களை எடுக்க உக்காந்தேன். பக்கத்துல வரிசையாத் தளதளன்னு பருப்புக்கீரை தானா முளைச்சிருந்துச்சு, அட, நாம போடாமலேயே வந்திருக்கேன்னு நுனி நுனியா எல்லாத்தையும் கிள்ளிட்டேன், கண்ணுல தண்ணி, கண்ணாடி வேற உள்ள கிடக்கு. பூண்டு தட்டிப் போட்டு வதக்கி வச்சேன், அண்ணி ரெண்டு தடவை போட்டுக்கிட்டா, கீரைன்னா மூஞ்சியைத் திருப்புறவ, நல்லா இருக்கு அத்தைன்னா. மறுநாள் காலையில காபி டம்ளரோட பின்பக்கம் போனவ, அப்படியே நின்னுட்டா. அது பருப்புக்கீரை இல்லடி, அவ நர்சரியில ஒவ்வொரு கலரா தேடி வாங்கிட்டு வந்து நட்ட பத்துமணிப் பூச்செடி. உன் படத்துல அவளுக்குன்னு நீ ஒதுக்கின ரோஸ் கலர் வரிசை, அதை அப்படியே வதக்கி அவளுக்கே போட்டிருக்கேன். இன்னைக்கு மாமியார் மருமக சண்டை நிச்சயம்னு நினைச்சேன், ஏன்னா இந்தப் பூட்டுக்குக் காரணம் அவதான்னு மனசுக்குள்ள ஒரு சந்தேகம் எனக்கு, மாமியார்னா முதல் சந்தேகம் மருமக மேலதானே. அவ படிக்கட்டுல உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சா. சிரிச்சுச் சிரிச்சு அது எங்கயோ அழுகையா மாறிடுச்சு. அத்தை, அந்த ஒரு வரிசைக்காகத்தான் நான் தினம் காலையில எந்திரிச்சுக்கிட்டிருந்தேன், நாள் முழுக்க முகம் தெரியாதவங்க திட்டுறதைக் கேட்டுட்டு பத்து மணிக்கு ஒரு தடவை வந்து அது பூத்துடுச்சான்னு பாப்பேன், நீங்க மட்டும் இல்ல, நானும் இங்கதான் அடைஞ்சு கிடக்குறேன்னு சொன்னா. ஒரே கூரைக்குள்ள நுனிக்கால்ல நடந்துக்கிட்டிருந்த எனக்கு அது தெரியல பாரு. பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக் கொடுத்தேன், செடி வேர் அப்படியேதான் இருக்கு, திரும்பத் தளிர்க்கும்னு சொன்னேன். அப்போதான் அவ சொன்னா, அத்தை, நேத்து நீங்க கதவைத் தட்டினது எனக்குக் கேட்டுச்சு, சாவி என் மேஜை டிராயர்ல இருக்கு, எனக்குத் திறக்கணும்னுதான் இருந்துச்சு, ஆனா நீங்க மறுபடி விழுந்தா சின்னவளுக்கு யார் பதில் சொல்றது, பூட்டச் சொன்னதே அவதானேன்னு.

கோபப்படலடி. சத்தியமா கோபம் இல்ல, முதல் நாள் இருந்துச்சு, இப்போ இல்ல. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நீ அண்ணனுக்கு போன் பண்ணி அழுதியாம், சந்துல மழைத் தண்ணியில நாதியத்துக் கிடந்தாளே, கேஸ் சிலிண்டர் போடுறவர் பாக்கலைன்னா என்ன ஆகியிருக்கும், என்னால வரவும் முடியல, நீ அந்தக் கதவைப் பூட்டித் தொலைன்னு சொன்னியாம். அப்புறம் பூட்டின கதவைப் பாத்து அம்மா வருத்தப்படக் கூடாது, அது மேல பச்சைப் பசேல்னு கொடி விட்டுடலாம், அவளுக்கும் பொழுது போகும்னு சொன்னியாம். நீ நல்லதுக்குத்தான் சொன்ன, அவ்வளவு தூரத்துல உக்காந்துக்கிட்டு ஒரு பொண்ணு வேற என்ன செய்வா. ஆனா என்னைப் பத்தி நீங்க மூணு பேரும் பேசி முடிச்சிருக்கீங்க, எங்கிட்ட தக்காளி வேணுமா கத்தரி வேணுமான்னு மட்டும் கேட்டிருக்கீங்க. அண்ணன்கிட்ட நேருக்கு நேர் கேட்டேன், தலையைச் சொறிஞ்சான், நான் என்னம்மா பண்ணட்டும், அவ அழறா, பந்தலைக் கல் பக்கம் மாட்டுறதுன்னா ஒரு நிமிஷ வேலை, சின்னவ சரின்னு சொல்லட்டும், வெல்டரை அது வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்னு சொல்றான். அவ்வளவு பெரிய ஆம்பளை, தங்கச்சின்னா இன்னும் நடுக்கம். சிமெண்டுத் தொட்டி கட்டிட்டா அப்புறம் அந்தக் கதவு திறக்காது குட்டி, சாவி யார் கையில இருந்தாலும் திறக்காது. போன்ல சொன்னா நீ அழுவ, நீ அழுதா நான் சரிடா சரிடான்னு எல்லாத்துக்கும் தலையாட்டிடுவேன், சின்ன வயசுலேர்ந்து அதுதானே நம்ம ரெண்டு பேர் பழக்கம். கடுதாசியில நீ அழறது எனக்குக் கேக்காது, நான் சொல்ல வந்ததை முழுசாச் சொல்லிடுவேன்.

சொல்ல வந்தது இதுதான். நான் மறுபடி விழலாம். விழ மாட்டேன்னு உனக்கு எழுதிக் கொடுக்க என்னால முடியாது. செருப்பை மாத்திட்டேன், மழை நாள்ல போக மாட்டேன், தடி வச்சுக்கோன்னா வச்சுக்குறேன், போனைக் கழுத்துல மாட்டிக்கோன்னா மணி கட்டின மாடு மாதிரி மாட்டிக்குறேன். ஆனா விழாம பத்து வருஷம் இந்தத் துணிக்கல்லுல உக்காந்திருக்குறதை விட, போய் வந்துக்கிட்டிருக்கும்போது விழுறது எனக்குச் சம்மதம். தோட்டம் வேண்டாம்னு சொல்லல, காலையில அந்தத் தக்காளிப் பூவைப் பாக்குறப்போ மனசு ஆறத்தான் செய்யுது. நீ வரைஞ்சது எல்லாமே அப்படியே இருக்கட்டும், அவரைப் பந்தலை மட்டும் வெயில் இருக்குற சுவருக்கு மாத்து, பின்சுவரை சும்மா விடு.

வேற விசேஷம் இல்ல. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு முதுகு வலி எப்படி இருக்குன்னு கேட்டதாச் சொல்லு. நீ ராத்திரி டிபனுக்கு பிஸ்கட்டைக் கடிச்சுட்டுப் படுக்குறியாம், மாப்பிள்ளை உன்னை மாட்டி விட்டுட்டார், அதை விடு, சமைக்க முடியலைன்னா ஒரு முட்டையாவது அவிச்சுச் சாப்பிடு. இதை ஒட்டினதும் அண்ணி பூட்டைத் திறந்து விடுறேன்னு சொல்லியிருக்கா, சந்து முனையில இருக்குற தபால் பெட்டி வரைக்கும்தான், அவ சாப்பாட்டு இடைவேளை முடியுறதுக்குள்ள திரும்பிடணும், இந்த ஒரு தடவைதான் அத்தைன்னு சொன்னா. அண்ணனுக்குத் தெரியாது. அவளை நீ ஒரு வார்த்தை திட்டக் கூடாது, என் மேல ஆணை. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாம, எண்ணினது எல்லாம் கைகூடி, நூறு வயசுக்கு நல்லா இருக்கணும். இது உன் கைக்கு வந்து சேர்ந்துச்சுன்னா நான் பெட்டி வரைக்கும் நல்லபடியா நடந்து போயிட்டேன்னு தெரிஞ்சுக்கோ. திரும்பி எப்படி வந்து சேர்ந்தேன்னு கேக்கணும்னு தோணுச்சுன்னா கேளு. ஆனா என்னைக் கேளு, அண்ணனைக் கேக்காத.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்
அம்மா